அக்காவின் உயரத்துக்கு ஒரு கார்

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்றுதான். அடுத்த கேள்வி மைலேஜ். சென்ற வருடம் எங்கள் வீட்டில் கார் பேச்சு எழுந்தபோது முதல் கேள்வி வேறாக இருந்தது. தரையிலிருந்து சீட் எத்தனை அங்குல உயரம்?

காரணம் அக்கா. அவருக்கு இப்போது 76 வயது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தன் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் தளர்ந்துவிட்டன. அதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார், சக்கர நாற்காலியில். வாரம் ஒருநாள் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். போக வர 80 கிலோமீட்டர். எங்களிடம் இருந்த சின்ன காரின் டிக்கியில் சக்கர நாற்காலி நுழையாது. பின் சீட்டை மடித்தால் நுழையும், ஆனால் என் மனைவி உட்கார இடம் இருக்காது.

வங்கியில் வண்டிக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. இந்த விஷயத்தில் கணக்கு முதலில் சொன்ன பதில், கார் வாங்காதே என்பதுதான். தஞ்சாவூர் போய்வர, காத்திருப்பும் சேர்த்து வாடகைக் காருக்கு 1,800 ரூபாய். வருடத்துக்கு 93,600. மற்ற வேலைகளுக்கும் வாடகைக் காரே வைத்துக்கொண்டாலும் 1,35,000-க்குள் முடிந்துவிடும். சொந்தக் கார் வைத்தால் தேய்மானம், பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து அதைவிட அதிகமாகும்.

ஆறு மாதம் வாடகைக் காரிலேயே போனோம். ஒரு வாரம் ஒரு வண்டி வரும், மறுவாரம் வேறொன்று வரும். ஒவ்வொன்றிலும் சீட் ஒவ்வொரு உயரம். உயரமான வண்டி வந்தால் அக்காவால் தானாக உட்கார முடியாது. நான் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமும் தூக்கித்தான் வைக்க வேண்டும். நல்ல பிள்ளைகள்தான், முகம் சுளிக்காமல் தூக்குவார்கள். ஒருநாள் வீடு திரும்பியதும் அக்கா சொன்னார்: "தம்பி, எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணிக் குடு. வாராவாரம் முன்னப்பின்னத் தெரியாத ஆள் என்னைத் தூக்க வேணாம். எவ்வளவு நேரம் ஆனாலும் நானே உக்காந்துக்கறேன்."

அதற்கு மேல் வாடகைக் காரின் கணக்கை நான் எடுக்கவில்லை.

அடுத்து எந்த வண்டி என்பது. அமெரிக்காவில் இருக்கும் மகன் போனில் அடித்துச் சொன்னான்: "எஸ்யூவி வாங்குங்கப்பா. வயசானவங்களுக்கு அதுதான் வசதி." அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. நின்று நடக்க முடிந்த, ஆனால் முழங்கால் வலி உள்ள ஒருவருக்குத் தாழ்ந்த காரில் குனிந்து இறங்குவது சிரமம், கொஞ்சம் உயரமான சீட்டே நல்லது. சக்கர நாற்காலியிலிருந்து மாறுகிறவருக்கு இந்த நியாயம் செல்லாது. அவருக்கு இரண்டு சீட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார முடியும். மட்டம் உயர உயர அது நகர்வதாக இல்லாமல் ஏறுவதாகிவிடும்.

இஞ்ச் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷோரூம் ஷோரூமாகப் போனேன். அக்காவின் நாற்காலி 19 அங்குலம், மெத்தையோடு 20. நான் அளந்த எஸ்யூவி ஒன்றில் முன்சீட் 26 அங்குலத்துக்கும் கொஞ்சம் அதிகம். செடான்களில் 20, 21 அங்குலம்தான் வந்தது. தாழ்வாக இருக்கிறது என்று எல்லோரும் செடானைக் கழித்துக்கட்டும் காலத்தில், அந்தத் தாழ்வுதான் எங்களுக்கு வேண்டியதாக இருந்தது.

பின்சீட்டா, முன்சீட்டா? "அம்பாசடர்ல பின்னாடி ராஜா மாதிரி உக்காருவோமே" என்றார் அக்கா. 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் கூரை உயரம், தலை இடிக்காது. இன்றைய செடான்களில் கூரை பின்பக்கம் சரிந்து வருகிறது. பின்கதவு வழியாகத் தலையைக் குனிந்து நுழைய வேண்டும். முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிடலாம், சாய்த்தும் வைக்கலாம். கால் திரும்ப இடம் கிடைக்கும்.

இன்னொரு விஷயத்தைப் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். நம் ஊரில் முன்பக்கப் பயணி இடது கதவு வழியாக ஏறுகிறார். சக்கர நாற்காலியைக் காருக்கு இணையாக, முன்பக்கம் பார்த்து நிறுத்தினால், கார் சீட் அவருடைய வலப்பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் தளர்ந்தவருக்கு வலது கையும் வலது காலும் முதலில் போவதால் ஏறுவது சுலபம். இறங்கும்போது தளர்ந்த பக்கம் முன்னால் வரும், அப்போதுதான் ஒருவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் தளர்ந்தவருக்கு இது தலைகீழ். அவருக்கு வலதுபுறப் பின்கதவு பொருந்தலாம். அப்படியானால் கூரைச் சரிவையும் பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதையும் பார்த்துத்தான் வண்டி எடுக்க வேண்டும். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிக்கி. நம் ஊர்ச் செடான்கள் இரண்டு ஜாதி. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு வரிச்சலுகை வந்ததிலிருந்து, வாலை வெட்டிச் சுருக்கிய செடான்கள் பெருகின. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்திலும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். சின்ன செடானான டிசையரின் டிக்கி 380 லிட்டர் சொச்சம். பெரிய செடான்களில் சிட்டிக்கு 506, சியாஸுக்கு 510, விர்டஸுக்கும் ஸ்லாவியாவுக்கும் 521, வெர்னாவுக்கு 528. மடித்த சக்கர நாற்காலியைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு பெட்டியும் ஒரு பையும் வைக்க 500 லிட்டர் தேவைப்பட்டது. சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியில் பாதியைத் தின்றுவிடும் என்பதால் அந்தப் பேச்சே இல்லை.

ஆக, பெரிய செடான் என்று முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை அக்காவையே தஞ்சாவூர் ஷோரூம்களுக்கு அழைத்துப் போனோம். மூன்று வண்டிகளில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றில் கதவுத் தூண் முழங்காலில் இடித்தது. இன்னொன்றில் சீட்டின் ஓர மேடு உயரமாக இருந்து நகரவிடவில்லை. மூன்றாவது ஹோண்டா சிட்டி. விற்பனைப் பையன் மண்டியிட்டு சீட்டைப் பின்னால் தள்ளினான். அக்கா வலது கையை ஊன்றி, இரண்டு தடவை மூச்சு வாங்கி, தானாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான்கு நிமிடம் ஆனது. யாரும் தொடவில்லை. "இது போதும்டா" என்றார்.

மாடல் அன்றே முடிவாகிவிட்டது. புதிதா, பழையதா என்பதுதான் மீதி. இந்த வடிவச் சிட்டி 2020 ஜூலையில் வந்தது. 2023-இல் முகப்பு மாறியதே தவிர, கதவும் சீட்டும் டிக்கியும் அதே அளவுதான். அதனால் ஒரே வண்டியைப் புதிதாகவும் பழையதாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

புதிது என்றால் நான் பார்த்த ரகம் ஷோரூம் விலை ஏறக்குறைய 14 லட்சம். அதோடு நின்றதா? தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். அதுவே 2,52,000 ரூபாய். இன்சூரன்ஸ், பதிவு என்று இன்னொரு 75,000. மொத்தம் 17,27,000. பழையது வாங்கினால் இந்த வாழ்நாள் வரியை முதல் சொந்தக்காரர் கட்டியிருப்பார். நம் மாநிலத்துக்குள் பெயர் மாற்றினால் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எங்கள் பக்கத்தில் காரைக்கால் பதிவு வண்டிகள் விலை குறைவாக வரும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற வரியைக் கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலிவா என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது தேய்மானம். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஷோரூமை விட்டு இறங்கி ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிப்பார்கள். ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. இந்த அட்டவணையில் வருடம்தான் இருக்கிறது, கிலோமீட்டர் இல்லை. சந்தையிலும் பெரும்பாலும் அப்படித்தான். வண்டி ஓடினாலும் மதிப்பு குறையும், நிழலில் நின்றாலும் குறையும்.

நாங்கள் ஓட்டுவது வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர். ஐந்து வருடத்தில் 30,000. புது வண்டி வாங்கினால் அந்த ஐந்து வருடத்தில் 8.6 லட்சம் கரையும். கிலோமீட்டருக்கு 29 ரூபாய் தேய்மானம் மட்டும், பெட்ரோல் தனி. அதே வண்டியை வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது 9 ரூபாய்க்குள் அடங்கிவிடும். புது வண்டியின் விலையில் பெரும்பங்கு அதன் முதல் ஐந்து வருடத்துக்கான விலை. நிறைய ஓடுகிறவர் அந்த வருடங்களைப் பயன்படுத்திக்கொள்கிறார். எங்களைப் போன்றவர்கள் அவற்றை ஷெட்டில் நிறுத்திக் கரைக்கிறோம். ஓய்வு பெற்றவர்கள் பலர், கடைசிக் கார், புதிதாகவே இருக்கட்டும் என்று பணிக்கொடையிலிருந்து எடுத்து வாங்குவதைக் கண்டிருக்கிறேன். அவரவர் விருப்பம். கணக்கு மட்டும் அதற்கு எதிராக இருக்கிறது.

புதிதுக்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு: பாதுகாப்பு. 2023 மாடல் முதல் சிட்டியில் தானாக பிரேக் பிடிக்கும் வசதி போன்றவை வந்துள்ளன. 2021 வண்டியில் அது கிடையாது. ஆனால் அதன் உயர்ந்த ரகங்களில் ஆறு ஏர்பேக் உண்டு. அந்த ரகத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

தேடியதில் ஏழு வண்டி பார்த்தேன். ஒன்று பார்க்கப் பளபளவென்று இருந்தது. விலையும் ஒரு லட்சம் குறைவு. முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பாக ஒரு கோடு, நகத்தால் கீறினால் வண்டல் உதிர்ந்தது. சீட் தண்டவாளத்து போல்ட்டுகளில் துரு. வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. கம்பளத்தை மாற்றலாம், வாசனை அடிக்கலாம், பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் பார்ப்பவை இவை. காலையில் எஞ்சின் சூடேறும் முன் ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும், நாம் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கதவு ரப்பரை உரித்துப் பார்த்தால் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் இருக்கும், அடிபட்டுச் சரிசெய்த வண்டியில் இருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1721 என்றால் 2021-ஆம் வருடம் 17-ஆவது வாரத்தில் செய்தது. கிலோமீட்டர் குறைவாகக் காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பதிவான ஓட்டக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதைவிட முக்கியம் ஆர்சி. வங்கியில் நான் அதிகம் கண்ட சிக்கல் இதுதான். கடனைக் கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் ஆர்சியில் வங்கியின் அடமானப் பதிவு நீங்கியிருக்காது. படிவம் 35-உம் வங்கியின் சான்றும் கொடுத்து அதை நீக்கினால்தான் பெயர் மாற்றம் சிக்கலில்லாமல் நடக்கும். விற்கிறவரே நீக்கித் தரட்டும். பிறகு படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது. அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல.

கடைசியில் திருச்சியில் அமைந்தது. 2021 சிட்டி, பெட்ரோல், ஒரே சொந்தக்காரர், 41,000 கிலோமீட்டர். 8,75,000 ரூபாய். நான்கு டயரும் புதிதாகப் போட்டேன், 28,000. பேட்டரி 6,000, பிரேக் பேடோடு முழு சர்வீஸ் 14,000, இன்சூரன்ஸும் பெயர் மாற்றமும் 20,000. மொத்தம் 9,43,000. புதிதுக்கும் இதற்கும் வித்தியாசம் 7,84,000. வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 4,200 ரூபாய் வட்டி வருகிறது. பகலில் அக்காவைக் கவனித்துக்கொள்ள வரும் பெண்ணின் சம்பளத்தில் ஒரு பங்கு அதிலிருந்து போகிறது.

கடன் வாங்கித்தான் கார் என்றால் இந்த வித்தியாசம் சுருங்கும். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல், தவணைக் காலமும் குறைவு. தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வருகிறவர்கள், வாரண்டி இல்லாமல் தூக்கம் வராதவர்கள், வண்டியைப் பார்த்துச் சொல்ல நம்பகமான மெக்கானிக் இல்லாதவர்கள் புதிதே வாங்கலாம். முதலில் வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். புதிதா பழையதா என்பதற்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. எந்த வண்டி என்பதற்கு, அதில் ஏறுவதற்கு மிகவும் சிரமப்படப்போகிறவரை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். ஓட்டுகிறவர் எந்த வண்டிக்கும் பழகிக்கொள்வார்.

வண்டி வந்து ஆறு மாதம் ஆகிறது. ஓடியது 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் மனைவியின் பழைய பட்டுப்புடவை ஒன்றை நான்காக மடித்து சீட்டில் போடுகிறோம். அதன் மேல் நகர்வது சுலபம், உட்கார்ந்ததும் உருவிவிடுவோம். நாற்காலியை எங்கே நிறுத்த வேண்டும் என்று வாசல் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். சர்வீஸுக்குப் போய்வந்தால் சீட்டை யாராவது முன்னால் தள்ளியிருப்பார்கள். அதனால் சீட் தண்டவாளத்திலும் வெள்ளை பெயிண்ட்டில் ஓர் அடையாளம். நான்கு நிமிடம் ஆனது இப்போது இரண்டரை நிமிடம் ஆகிவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்து இந்தக் கணக்கை வைத்திருப்பது நான் இல்லை, அக்காதான்.